ஹவாய்ல நல்ல ஷேவ் ஐஸ் கண்டுபிடிக்கறது எப்படி?

ஹவாய் போற நிறைய பேர் வைகிகி பீச் பக்கத்துல முதல்ல கண்ணுல படற கடைல ரெயின்போ கலர்ல ஒரு ஷேவ் ஐஸ், அதாவது சீவின ஐஸ் மேல கலர் சிரப் ஊத்தினது, வாங்கி, போட்டோ எடுத்துட்டு, ரெண்டு வாய் சாப்ட்டு, "வெறும் சர்க்கரைத் தண்ணி"னு வெச்சுடறாங்க. எனக்கு அத பாத்தா மனசே கேக்கல. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

கலர விடுங்க, மொதல்ல ஐஸ பாருங்க. பெரிய ஐஸ் கட்டிய மெஷின்ல மாட்டி சுத்தவிட்டு பிளேடுல சீவணும், அதுதான் ஷேவ் ஐஸ். நொறுக்கின ஐஸா இருந்தா அது ஸ்னோ கோன், பல்லுல கறுக்முறுக்னு படும், சிரப் பூரா அடில எறங்கிடும், மேல வெள்ளையா வெறும் ஐஸ்தான் மிச்சம். நல்லா சீவின ஐஸ் பஞ்சு மாதிரி சிரப்ப இழுத்து வெச்சுக்கும், கடைசி ஸ்பூன் வரைக்கும் ருசி இருக்கும்.

கவுன்டர் கிட்ட நின்னா அந்தக் கட்டியையும் கவனிங்க. ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த கையோட அது மேல வெள்ளையா பனி படிஞ்சிருக்கும், அப்பவே சீவினா ரொம்ப குளிர்ல ஐஸ் பொடிப்பொடியா ஒடைஞ்சு நறநறங்கும். விஷயம் தெரிஞ்ச கடைல கொஞ்ச நேரம் வெளிய வெச்சு, மேல ஈரம் கசிஞ்சு பளபளனு ஆனதுக்கு அப்புறம்தான் மெஷின்ல ஏத்துவாங்க, அப்ப மெல்லிசா இழை இழையா விழும். பிளேடு மொன்னையா இருந்தா இதெல்லாம் பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது சிரப். லிலிகோய் இருக்கானு கேளுங்க, அங்க பேஷன் ஃப்ரூட்டுக்கு அதான் பேரு. அதுல பழத்தோட புளிப்பு இருந்தா மத்த சிரப்பையும் நம்பலாம், வெறும் இனிப்பும் எசென்ஸ் வாசனையும்தான்னா அடுத்த தடவை வேற கடை பாருங்க. மூணு ஃப்ளேவருக்கு மேல கலக்காதீங்க, எதுவுமே தனியா தெரியாது.

அடில என்ன போடறாங்கங்கறது ரொம்ப முக்கியம். ஷேவ் ஐஸே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த ஜப்பான்காரங்க கொண்டுவந்த பழக்கம்தான், அதனாலதான் இனிப்பா வேகவெச்ச அசுகி பீன்ஸ், சின்னச் சின்ன சிவப்புப் பயறு, இன்னும் கூடவே வருது. பீன்ஸானு மூஞ்ச சுளிக்காதீங்க, அடில அசுகியும் வெனிலா ஐஸ்கிரீமும், மேல கன்டென்ஸ்ட் மில்க்கும் ஊத்தி வாங்கிப் பாருங்க. கன்டென்ஸ்ட் மில்க்குக்கு ஸ்னோ கேப்னு கேக்கணும். புளிப்பும் உப்பும் புடிக்கறவங்க லி ஹிங் முய் பொடி தூவச் சொல்லுங்க, காஞ்ச பிளம்ஸ்லேர்ந்து வர்ற பொடி, மாங்கா ஃப்ளேவரோட சேந்தா அட்டகாசம்.

கடைன்னா, ஓவாஹு தீவோட வடக்குக் கரைல ஹலெயிவா ஊர்ல மட்சுமோட்டோ 1951லேர்ந்து இருக்கு, க்யூ நீளமா இருக்கும், காலைலயே போயிடுங்க. ஹொனலூலுல வையோலா, ஐஸ் ரொம்ப மெல்லிசு, என்னோட ஓட்டு இதுக்குத்தான். கைலுவா பக்கம் போனா ஐலண்ட் ஸ்னோ, ஒபாமா அமெரிக்க ஜனாதிபதியா இருந்தப்ப லீவுக்கு வந்து பொண்ணுங்களோட போன கடை. மௌயி தீவுக்குப் போறவங்க உலுலானிஸ விடாதீங்க.

வாங்கினதும் கார்ல ஏறிடாதீங்க, அந்த வெயில்ல சீக்கிரமே கரைஞ்சிடும், கடை வாசல்லயே நெழலா பாத்து ஒக்காந்து சாப்பிடுங்க. பூ மாதிரி விரிஞ்ச கப் இருந்தா அதுல கேளுங்க, ஒழுகற சிரப் அதுலயே தங்கிடும், கடைசில ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கலாம்.