ஸ்பானிஷில் பேச்சு வழக்குச் சொற்களைப் பிடிப்பது எப்படி

பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு மாட்ரிட் போகிறவர், காபிக் கடையில் 'கிசியேரா உன் கஃபே', அதாவது 'ஒரு காபி வேண்டும்', என்பார். இலக்கணத்தில் குறையே இல்லை, பணிவும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்கும் ஊர்க்காரர் 'மெ போனெஸ் உன் கோர்த்தாதோ?' என்று கேட்பார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'எனக்கு ஒரு கோர்த்தாதோ வைக்கிறாயா?' கோர்த்தாதோ என்பது கொஞ்சம் பால் விட்ட எஸ்பிரெஸ்ஸோ. கடைக்காரர் அதற்கு முன்பே 'கே தெ போங்கோ?' என்று கேட்டிருப்பார்; அதுவும் அதே 'வைக்கும்' வினைதான். அவர் வேலையாக இருந்தால் 'குவாந்தோ புவேதாஸ்', அதாவது 'முடியும்போது', என்று கடைசியில் சேர்த்தால் போதும். அங்கே பணிவு அந்த ஒட்டில் இருக்கிறது. கிளம்பும்போது 'மெ கோப்ராஸ்?' என்றால் காசை வாங்கிக்கொள்ளச் சொல்வது.

காபி கேட்கும் அதே கேள்வியை கொலம்பியாவில் 'மெ ரெகாலா உன் தின்தோ?' என்பார்கள். ரெகாலார் என்றால் பரிசாகக் கொடுப்பது. ஆனால் இலவசமாக யாரும் கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான் குடிப்பார்கள். தின்தோ அங்கே கடுங்காபி. ஸ்பெயின் மதுக்கடையில் அதே சொல்லுக்குச் சிவப்பு ஒயின் வரும்.

ஆகவே முதல் வேலை, ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பது. ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. எல்லா நாட்டு வழக்கையும் ஒன்றாகக் கற்கப் போனால் எந்த ஊரிலும் பொருந்தாத கலவைதான் மிஞ்சும். குவாகுவா என்பது கியூபாவிலும் கனாரித் தீவுகளிலும் பேருந்து, சிலேயில் கைக்குழந்தை. கோஹேர் என்ற வினை ஸ்பெயினில் 'எடு, பிடி' என்று நாள் முழுக்கப் புழங்கும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சை. அங்கே பேருந்து 'பிடிக்க' தொமார் என்று சொல்லிவிட்டால் பிழைக்கலாம். யாரோடு பேசப் போகிறீர்கள், எந்த ஊர்த் தொடரைப் பார்க்கிறீர்கள் என்பதை வைத்து நாட்டை முடிவு செய்யுங்கள். குறைந்தது ஆறு மாதம் அதை மாற்றாதீர்கள்.

அடுத்து, சொற்களை அகரவரிசையில் அல்ல, சூழ்நிலை சூழ்நிலையாகச் சேருங்கள். வாரம் ஒரு சூழ்நிலை, அதில் பத்து வாக்கியம் போதும். சாப்பாட்டு மேசையில் தொடங்குவது நல்லது. ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். நடுவில் சாயங்காலம் கொறிப்பதற்கு மெரியெந்தா என்று பெயர். சாப்பிட்டு முடித்தும் எழாமல் அரட்டை அடித்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்கே சோப்ரெமேசா என்று தனிச்சொல் உண்டு. அந்த நேர ஒழுங்கு தெரியாமல் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்தால் ஒட்டாது.

சொல்லைவிட அதைச் சூழ்ந்த வழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அர்ஜென்டினாவில் குடிக்கும் மாதே என்ற இலைப் பானம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல். ஒருவர் மட்டும் கொதிக்கவிடாத சுடுநீரை ஊற்றித் தருவார். அப்படி ஊற்றித் தருவதற்கு செபார் என்று வினை. வாங்கியவர் முழுவதும் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தர, அவர் மறுபடி நிரப்பி அடுத்தவரிடம் கொடுப்பார். திருப்பித் தரும்போது 'கிராசியாஸ்' என்றால் 'எனக்குப் போதும்' என்று பொருள். புதிதாகக் கற்றவர் மரியாதைக்காக முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிடுவார். அடுத்த சுற்றில் குடுவை அவரைத் தாண்டிப் போய்விடும். கிராசியாஸ் தெரியாதவர் யார்? ஆனாலும் தவறு நேர்வது அங்கேதான்.

உறவுச் சொற்களில் தமிழர்களுக்கு ஒரு வசதி. ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், அது திணறும். கொன்சுவெக்ரோ என்றால் சம்பந்தி, அவ்வளவுதான். கொன்குன்யாதோவைச் சகலை என்று பிடித்துக்கொள்ளலாம். நாம் மச்சான் என்று நண்பனைக் கூப்பிடுவதுபோல ஸ்பெயினில் தீயோ என்பார்கள். நேர்ப்பொருள் மாமா அல்லது சித்தப்பா. நீ–நீங்கள் வேறுபாடும் நமக்குப் பழகியதே: தூ, உஸ்தேத். ஒருமையில் பேசுவதற்கு துத்தெயார் என்று ஒரு வினையே இருக்கிறது. ஆனால் நம் கணக்கை அப்படியே போடக் கூடாது. ஸ்பெயினில் கடைக்காரரை ஒருமையில் அழைப்பது இயல்பு. பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் கேட்கும். அர்ஜென்டினாவில் தூவுக்குப் பதில் வோஸ், வினைமுடிவும் மாறும்.

குறிப்பு அட்டையின் முன்பக்கம் சூழ்நிலையைத் தமிழில் எழுதுங்கள்: எந்த நாடு, யார் யாரிடம், எப்போது. பின்பக்கம் முழு வாக்கியமும் அதற்கு வரும் பதிலும். ஸ்பானிஷை ஸ்பானிஷ் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் 'ஆனால்' என்ற பெரோவும் 'நாய்' என்ற பெர்ரோவும் நாளடைவில் நாக்கில் ஒன்றாகிவிடும். நாயில் வருவது நாக்கை உதறிச் சொல்லும் ரகரம். அட்டையை 1, 3, 7, 15, 30 நாள் இடைவெளியில் திருப்பிப் பாருங்கள்.

காதுக்குப் பயிற்சி தர, தெருப் பேட்டியோ சமையல் காணொளியோ இரண்டு நிமிடத் துண்டு ஒன்று எடுத்து, கேட்டதை அப்படியே எழுதிப் பாருங்கள். எழுத்தில் பாரா என்றிருப்பது வாயில் பா ஆகும். களைத்தவர் கன்சாதோ அல்ல, கன்சாவோ. மொழிமாற்றம் செய்த படங்களை இதற்கு எடுக்காதீர்கள். குரலும் வசன எழுத்தும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்படுவதால் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

புதுச் சொல் கிடைத்ததும், 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதியை இணையத்தில் பாருங்கள், இலவசம்தான். பொருளுக்கு முன்னால் நிற்கும் சுருக்கங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். கோலோக். என்றால் பேச்சு வழக்கு, மால்சோன். என்றால் காதுக்குக் கூசும் சொல், தெசுஸ். என்றால் வழக்கொழிந்தது. நாட்டுப் பெயரும் அங்கேயே இருக்கும்.

கடைசியாக அட்டைகளை இரண்டு கட்டாகப் பிரியுங்கள்: புரிந்துகொள்ள மட்டும், பேசவும். மெக்சிகோவின் குவெய், அர்ஜென்டினாவின் போலூதோ இரண்டும் நண்பர்களுக்குள் செல்லம், அந்நியரிடம் வசவு. இவை முதல் கட்டிலேயே இருக்கட்டும். உங்கள் வயதொத்த இரண்டு மூன்று பேர் உங்களையே அப்படிக் கூப்பிடத் தொடங்கிய பிறகு இரண்டாவது கட்டுக்கு மாற்றுங்கள்.