பாதாளச் சாக்கடைக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நிதி கேட்கும்போது நான் செய்த தவறுகள், நீங்கள் செய்யக் கூடாதவை

போன மாதம் ஒரு தம்பி தன் டிபிஆரை, அதாவது விரிவான திட்ட அறிக்கையை, காட்ட வந்தார். ஒரு பேரூராட்சிக்கான கழிவுநீர்த் திட்டம். நூற்றெண்பது பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், ட்ரோன் படங்கள் எல்லாம் பிரமாதம். நான் நேராக நிலம் பற்றிய பக்கத்தைத் திறந்தேன். ஒரே வரிதான் இருந்தது: "சுத்திகரிப்பு நிலையம் அமைக்க அரசுப் புறம்போக்கு நிலம் உள்ளது." புல எண் கூட இல்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் நானும் இதே வரியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கூட்டல் தப்பு, கையெழுத்து விட்டுப்போவது, இணைப்பு மறந்துபோவது போன்றவற்றைப் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதை எந்த கிளார்க்கும் பிடித்துவிடுவார். யாரும் பிடிக்காமல் அரசாணை வரைக்கும் போய், அப்புறம் கழுத்தைப் பிடிக்கிற தவறுகள்தான் இங்கே.

எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டுவது

"சாக்கடைக்கு மத்திய அரசு பணம் தருது" என்று கேள்விப்பட்டு ஆரம்பிப்பவர்கள் அதிகம். எந்தத் திட்டம் எதற்குத் தருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக மத்திய அரசு 2015இல் கொண்டுவந்த முதல் அம்ருத் திட்டத்தில் மழைநீர் வடிகால் ஒரு தனிக் கூறாகவே இருந்தது. 2021இல் வந்த அம்ருத் 2.0இல் அப்படி இல்லை. குடிநீர், கழிவுநீர், நீர்நிலைச் சீரமைப்பு, பூங்கா என்று போய்விட்டது. அதிலும் கழிவுநீர்ப் பணிகள் பழைய 500 அம்ருத் நகரங்களுக்கு மட்டும். இது தெரியாமல் ஒரு சின்னப் பேரூராட்சி அதில் பாதாளச் சாக்கடை கேட்டால், கோப்பு எதிர்ப்புக் குறிப்புகூட இல்லாமல் அப்படியே திரும்பி வரும்.

ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத் தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டம் 2.0 இருக்கிறது. ஆனால் அது சுத்திகரிப்பு நிலையம், ஓடையில் விழும் சாக்கடையை இடைமறித்துத் திருப்பும் அமைப்பு போன்றவற்றுக்கு. தெருத் தெருவாகக் குழாய் பதிக்க அல்ல. 2021-26க்கான 15வது நிதிக்குழு மானியத்திலும் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது சுகாதாரம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு என்று சொன்ன வேலைக்கு மட்டும்தான் செலவழிக்க முடியும். வெறும் வடிகால் என்றால் மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் மாதிரியான வழிகளைத்தான் பார்க்க வேண்டும். கேட்கப் போவதற்கு முன் அந்தந்தத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையை ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். நூறு பக்கம்தான், இரண்டு ராத்திரி வேலை.

இரண்டையும் ஒரே அறிக்கையில் கட்டிப்போடுவது

கூடாது. மழைநீர் தனிக் கோப்பு, கழிவுநீர் தனிக் கோப்பு.

நிலம்

இங்கேதான் கொஞ்ச நேரம் உட்காரப் போகிறேன். இன்னும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

என்னுடைய ஊர், பெயர் வேண்டாம், முப்பதாயிரம் பேர் இருந்த ஒரு மூன்றாம் நிலை நகராட்சி. அப்போதிருந்த சிறு, நடுத்தர நகரங்களுக்கான மத்தியத் திட்டத்தில் பாதாளச் சாக்கடை கேட்டோம். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் வேண்டும். ஊருக்குத் தெற்கே மூன்று ஏக்கர் சீமைக்கருவேலங்காடு. நானும் அப்போதைய தலைவரும் ஜீப்பில் போய்ப் பார்த்தோம். ஒரு வீடு இல்லை, ஒரு பயிர் இல்லை. கூட வந்த ஊழியர் "சர்க்கார் புறம்போக்குதான் சார்" என்றார். சரி என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, டிபிஆரில் அந்த ஒற்றை வரியை எழுதி அனுப்பிவிட்டேன்.

நிர்வாக அனுமதி வந்தது, முதல் தவணை வந்தது, டெண்டர் முடிந்தது. மண் பரிசோதனைக்குத் துளைபோடும் வண்டி அந்த இடத்துக்குப் போன அன்று காலையில்தான் விஷயம் வெடித்தது. அந்த நிலம் நகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை. பக்கத்துக் கிராம ஊராட்சியின் எல்லை. "உங்க ஊர்ப் பீயை எங்க ஊர்ல கொண்டுவந்து கொட்டுவீங்களா?" என்று பெண்கள் வண்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் நான் தாலுகா அலுவலகத்துக்குப் போய், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். முதல் நாளே போயிருந்தால் பத்து நிமிட வேலை. புல எண்ணுக்கு நேரே வகைப்பாடு கலத்தில் சர்க்கார் புறம்போக்கு, சரி. கடைசியில் குறிப்புக் கலத்தில் சின்னதாக இரண்டே எழுத்து: ஓடை. கருவேலம் மூடிப்போய் மேடுபோலத் தெரிந்த அந்த இடம், மழைக் காலத்தில் மேலே இருக்கும் கண்மாயின் மறுகால் தண்ணீர் போகிற வழி.

புறம்போக்கு என்றால் அரசு நிலம், அரசு நிலம் என்றால் அரசு வேலைக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஓடை, வாய்க்கால், ஏரி, குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்கை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பஞ்சாபில் ஒரு கிராமக் குளம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு எந்த வருவாய்த் துறை அதிகாரியும் அதில் கையெழுத்துப் போடத் துணிய மாட்டார். மேய்க்கால், அதாவது மேய்ச்சல் நிலம், என்றால் அதற்கு ஈடாக மாற்று நிலம் காட்டச் சொல்வார்கள். மயானம், வண்டிப்பாதை, களம், நத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. தரிசு என்று இருந்தால் மட்டும் ஓரளவு மூச்சு விடலாம். அதிலும் ஆட்சியரிடமிருந்து நில மாற்ற ஆணையோ குறைந்தபட்சம் முன்நுழைவு அனுமதியோ கைக்கு வரும் வரைக்கும் அது உங்கள் நிலம் இல்லை.

வழக்குப் போனது. தடையாணை வந்தது. இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இதற்கிடையில் ஒப்பந்ததாரர் சும்மா இருக்கவில்லை. ஊருக்குள்ளே தெருக்களைத் தோண்டிக் குழாயைப் பதித்துக்கொண்டே போனார். ஏனென்றால் குழாய் பதித்தால் உடனே அளவுப் புத்தகத்தில் ஏற்றி பில் போடலாம், சுத்திகரிப்பு நிலையம் கட்டிப் பில் போடுவது மெதுவான வேலை. நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. "நிலம் வந்துடும் சார், அதுவரைக்கும் வேலை நிக்கக் கூடாது" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

விளைவு என்ன தெரியுமா? தெருவுக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் குழாய், தண்ணீர் போய்ச் சேர இடம் இல்லை. சாலை வெட்டியது வெட்டியபடி. கொஞ்ச நாளில் சில வீட்டுக்காரர்கள் பிளம்பரை வைத்து ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவறைக் குழாயை மேன்ஹோலில் இணைத்துவிட்டார்கள், செப்டிக் டேங்க் செலவு மிச்சம் என்று. பள்ளமான தெருவில், மாரியம்மன் கோயில் பக்கம், மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவு பொங்கியது. திருவிழா நேரம் வேறு. அந்த வருடம் நான் தேர் பார்க்கப் போகவில்லை.

கடைசியில் செலவழிக்காத தொகையை வட்டியோடு திருப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. வேறு இடம் பார்த்து, புதிய விலை விகிதத்தில் மதிப்பீடு போட்டபோது, கூடுதல் செலவு முழுவதும் நகராட்சி தலையில். அரசு ஒப்புக்கொள்வது முதலில் அனுமதித்த தொகையை மட்டும்தான், வித்தியாசம் உள்ளூரின் பாடு.

ஆகவே தம்பிகளே, டிபிஆருக்கு முன்னால் நிலம். 'அ' பதிவேடு, அடங்கல் (சாகுபடிக் கணக்கு), புலப்பட வரைபடம் மூன்றையும் கையில் வாங்குங்கள், யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள். எல்லைக்கல்லை சர்வேயரோடு போய் நீங்களே பாருங்கள். பக்கத்து ஊராட்சி என்றால் முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், அவர்கள் ஊர்க் கழிவுநீர் லாரிக்கும் இடம் கொடுப்பதாகச் சொல்லுங்கள். கருங்குழியில் 2017இல் ஆரம்பித்த கசடுக் கழிவு (செப்டிக் டேங்கிலிருந்து லாரியில் எடுத்துவரும் கழிவு) சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கழிவும் வருகிறது. இரண்டு ஊரும் சேர்ந்தால் கேட்பதற்கும் பலம், ஓட்டுவதற்கும் கட்டுப்படியாகும். அப்புறம், அந்த இடம் ஊரைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். மேடாக இருந்தால் காலம் முழுக்க மின்கட்டணத்தை ஊர் கட்டும்.

நிலையத்தின் நிலம் கைக்கு வந்த பிறகே தெருவில் முதல் குழாய் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்ததாரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

135 லிட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவது

மத்திய அரசின் கழிவுநீர்த் திட்டக் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று இருக்கும். முப்பதாயிரம் பேருக்கு 32.4 லட்சம் லிட்டர். கணக்கு சரிதான். ஆனால் உங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை வருகிறது, ஆளுக்கு 70 லிட்டர்கூடத் தேறாது என்றால் உண்மையில் வருவது 16.8 லட்சம் லிட்டர்தான். பெரிய குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஓடினால் கழிவு அடித்துக்கொண்டு போகாது, படிந்து அடைத்துக்கொள்ளும். மேலே பரிசீலிப்பவர் முதலில் கேட்பதே "உங்கள் குடிநீர் அளவு என்ன?" என்றுதான். அதற்குப் பதில் இல்லையென்றால் செப்டிக் டேங்கையே வைத்துக்கொண்டு, லாரியும் கசடு சுத்திகரிப்பும் கேளுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெள்ளப் படத்தை வைத்து வடிகால் கேட்பது

இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற படத்தை முன்பக்கம் ஒட்டி அனுப்புவார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழைக்கு யாரும் வடிகால் கட்டித் தர மாட்டார்கள், கட்டவும் முடியாது. உங்கள் தெருவில் வருடா வருடம் நிற்கிற தண்ணீரைக் கணக்காகக் காட்டுங்கள். பத்து ஹெக்டேர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை, அதில் 70 சதவீதம் ஓடிவந்தால் 3,500 கன மீட்டர். நொடிக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர். அந்தத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது, விழுகிற இடத்தின் மட்டம் என்ன, அந்தக் கண்மாய் நிரம்பியிருந்தால் தண்ணீர் திரும்பி வருமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால் படமே வேண்டாம். எத்தனையோ ஊரில் புது வடிகால் அழகாகக் கட்டி, யாரோ ஒருவர் தென்னந்தோப்பு வேலியில் போய் முட்டி நிற்கிறது.

நெடுஞ்சாலை, ரயில்வே அனுமதி

இன்றைக்கே விண்ணப்பியுங்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஒரு குழாய் கொண்டுபோக ஆகும் நாளில் பாதி ஊருக்குக் குழாய் பதித்துவிடலாம்.

பழைய விலை விகிதம்

இந்த ஆண்டு விலை விகிதப் பட்டியல் வந்ததும் மதிப்பீட்டைத் திரும்பப் போடுங்கள்.

உள்ளூர்ப் பங்கு எங்கிருந்து வரும் என்று யோசிக்காமல் இருப்பது

ஒரு லட்சத்துக்குக் குறைவான ஊருக்கு அம்ருத் 2.0இல் மத்தியப் பங்கு பாதி. ஒன்றிலிருந்து பத்து லட்சம் வரைக்கும் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் கால் பங்கு. அதுவும் 20, 40, 40 என்று மூன்று தவணை. முதல் 20ஐச் செலவழித்து பயன்பாட்டுச் சான்று அனுப்பினால்தான் அடுத்தது. நடுவில் பணம் நின்றால் ஒப்பந்ததாரரும் நிற்பார். ஆலந்தூர் நகராட்சி தன் பாதாளச் சாக்கடைக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை முன்கூட்டியே மக்களிடம் வசூலித்துத் துணிந்து இறங்கியது, இருபது வருடத்துக்கும் மேலாகிறது. அதைச் சொன்னால் இன்றைய கவுன்சிலர்கள் "தேர்தல் வருது சார்" என்கிறார்கள். எப்போதுதான் வரவில்லை?

கட்டி முடித்த பிறகு மாதா மாதம் மோட்டார் ஓடும் மின்கட்டணம், குளோரின், ஆட்கள் சம்பளம் எல்லாவற்றுக்கும் கட்டணம் எவ்வளவு, யார் வசூலிப்பார்கள் என்று ஒரு பக்கம் எழுதி மன்றத் தீர்மானத்தோடு சேருங்கள். பரிசீலிப்பவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் தேடுகிறார்கள்.

அந்தத் தம்பி நேற்று வாட்ஸ்அப்பில் 'அ' பதிவேட்டு நகலை அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். குறிப்புக் கலத்தில் "வண்டிப்பாதை" என்று இருந்தது. கீழே ஒரு செய்தி: "அண்ணா, இது பரவாயில்லையா?" பரவாயில்லை இல்லை தம்பி, வேறு இடம் பாருங்கள் என்று பதில் போட்டேன்.