பிரிட்டிஷ் சில்லறையை எண்ணாதீர்கள், நிறுத்துப் பாருங்கள்

வீட்டில் சேர்ந்து கிடக்கும் 1 பென்னி, 2 பென்ஸ் செம்பு நிறக் காசுகளைப் பிரிக்காமல் அப்படியே சமையலறைத் தராசில் கொட்டுங்கள். 356 கிராம் இருந்தால் அதன் மதிப்பு ஒரு பவுண்டு, அதாவது நூறு பென்ஸ். அதேபோல 5, 10 பென்ஸ் வெள்ளி நிறக் காசுகள் கலந்து 65 கிராம் இருந்தால் அதுவும் ஒரு பவுண்டு. நூறு பென்ஸைத் தனித்தனியாக எண்ணி அடுக்க வேண்டியதில்லை.

காரணம் எளிது. 1 பென்னி 3.56 கிராம், 2 பென்ஸ் சரியாக அதன் இரட்டிப்பு, 7.12 கிராம். 5 பென்ஸ் 3.25, 10 பென்ஸ் 6.5 கிராம். மதிப்பு இரட்டித்தால் எடையும் இரட்டிப்பதால், எது எத்தனை கலந்திருந்தாலும் கணக்கு மாறாது. 1992-இல் செம்புக் காசுகளை எஃகில் செம்புப் பூச்சு பூசி அடிக்கத் தொடங்கியபோதும், எடை குறையாமலிருக்கக் காசைக் கொஞ்சம் தடிப்பாக்கினார்கள். அதனால் பழையதும் புதியதும் சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை.

ஏழு பக்கமுள்ள 20, 50 பென்ஸுக்கு இது சரிவராது. 20 பென்ஸ் 5 கிராம், 50 பென்ஸ் 8 கிராம்தான். பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு பவுண்டும் வட்டமான இரண்டு பவுண்டும் அப்படியே. இவற்றை வகை பிரித்துத்தான் நிறுக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் விலக்கிக்கொண்ட பெரிய அளவு 5, 10 பென்ஸ் காசு கிடந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், எடை கூடிவிடும். அப்புறம், வங்கியில் கட்டும்போது ஒரு பைக்கு ஒரே வகைக் காசுதான் போட வேண்டும்.