உப்புத் தரையில் ஊர்ப் பொதுத் தோட்டம்: முதல் பாத்தி போடும் முறை

மண்வெட்டியை எடுக்கும் முன் இடத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். ஊர் நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால் நிலம் எந்த வகை என்று தெரியும். ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு என்றால் தொடவே வேண்டாம். ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. காய்த்து நிற்கும் செடியென்று யாரும் பார்க்க மாட்டார்கள். கோயில், ஜமாத், சர்ச் இடமென்றால் எத்தனை வருடத்துக்கு, கிணறு யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். நிர்வாகம் மாறினால் வாய்ச்சொல் நிற்காது. ஊராட்சி இடத்துக்குக் கிராம சபைத் தீர்மானமும் அதன் நகலும் அவசியம்.

அடுத்து தண்ணீர். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைத்தால் நேற்று இனித்த கிணறு இன்று கரிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 450-க்குள் இருந்தால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் பாய்ச்சாதீர்கள். இடைப்பட்ட தண்ணீருக்குக் கொத்தவரையில் தொடங்குவது நல்லது. பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி மூன்றும் உப்புக்குச் சீக்கிரம் அடிபடும்.

புரட்டாசியில் பத்தடி நீளம், மூன்றடி அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, மக்கிய ஆட்டெரு இரண்டு கூடை, கண்மாய் வண்டல் மூன்று கூடை கலந்து, சுற்றி வரப்பு கட்டுங்கள். ஐப்பசியின் முதல் இரண்டு நல்ல மழை பாத்திக்குள்ளேயே நின்று இறங்கட்டும். உப்பைக் கீழே கழுவிவிட அதைவிட நல்ல வழி கிடையாது.

பிறகு ஒன்றரை அடிக்கு ஒரு பார், அதாவது நீள மண்மேடு, பிடியுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: விதையைப் பாரின் உச்சியில் ஊன்றுகிறார்கள். சாலில், அதாவது இரண்டு பாருக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், விட்ட தண்ணீர் பாருக்குள் ஏறி உச்சியில் ஆவியாகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. நாலு நாள் வெயிலுக்குப் பின் குனிந்து பாருங்கள், பாரின் முதுகில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கும். அதற்குள் சிக்கிய முளை கருகிவிடும். அதனால் விதையைப் பாரின் பக்கவாட்டில், பாதி உயரத்தில், அரையடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள்.

கரிக்கும் தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள், நுனி தீய்ந்துவிடும். வேருக்குக் கீழே இறங்கும்வரை சாலில் விடுங்கள். மேலே காய்ந்த பனையோலை பரப்பினால் வெள்ளைப் பொருக்கு குறையும்.

வாடைக்காற்றுக்கு வடகிழக்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டுங்கள். இடைவெளி விட்டுக் கட்டினால்தான் காற்று சுழன்று செடியைச் சாய்க்காது. வேலிக்குச் சீமைக்கருவேல் முள் போதும், நெற்று இல்லாத கிளையாகப் பாருங்கள். நெற்றைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலிருந்தும் அது முளைக்கும். நன்றாக மக்காத எருவைப் பாத்தியில் போடாதீர்கள். மீறி முளைத்தால் விரல் உயரத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.