சர்வர் அறையைக் காலி செய்வது எப்படி: வரிசையும், கைவிடக் கூடாத சாவிகளும்

ஒரு மூலையில் தூசி படிந்து ஓடும் சர்வர். கோப்புகளும் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் அதற்குள். அதன் சூட்சுமம் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவரும் அடுத்த வாரம் விடுப்பு. இந்த நிலையிலிருந்து இணையச் சேவைகளுக்கும் வெளி நிறுவனத்தின் பராமரிப்புக்கும் மாற விரும்பும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது இந்த வழிகாட்டி. எந்தச் சேவை சிறந்தது என்ற கேள்வியில் பலரும் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். மாற்றம் தடுமாறுவது பெரும்பாலும் அங்கே அல்ல. எதை முதலில் நகர்த்துவது, எதை யார் பெயரில் வைப்பது என்பதில்தான்.

கணக்கெடுப்பு

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு அட்டவணை போதும்: மென்பொருள் அல்லது கருவியின் பெயர், பயன்படுத்துபவர், அது இருக்கும் இடம், லைசென்ஸ் யார் பெயரில், எப்போது காலாவதி. இவற்றோடு இரண்டு கேள்விகள். இது நின்றால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம்? எத்தனை மணி நேர வேலை அழிந்தால் பொறுத்துக்கொள்ளலாம்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் கணினி ஆள் அல்ல, அந்தத் துறையின் பொறுப்பாளர்.

கேட்டு மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும். கடந்த ஓராண்டின் வங்கி, கார்டு அறிக்கைகளைப் புரட்டினால் யாரும் சொல்லாத சந்தாக்கள் வெளிவரும். சர்வரில் நேரம் குறித்து ஓடும் பணிகளின் பட்டியலைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கை ஒன்று அதில் ஒளிந்திருக்கும். எல்லோரும் மறப்பவை: ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும் இயந்திரம், வருகைப்பதிவுக் கருவி, கேமரா பதிவுப்பெட்டி, யுபிஎஸ் எச்சரிக்கை, இணையதளத்தின் தொடர்புப் படிவம். மாற்றம் நடந்த மறுநாள் காலையில் முதலில் அழப்போவது இவைதான்.

காலாவதிக் கட்டத்தில் தேதிகளை எழுதுங்கள். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கான ஆதரவு 2023 அக்டோபர் 10-ல் முடிந்தது. விண்டோஸ் 10, எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வரின் 2016, 2019 பதிப்புகள் ஆகிய மூன்றுக்கும் 2025 அக்டோபர் 14. விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12. எதை முதலில் காலி செய்வது என்பதைப் பாதி இந்தத் தேதிகளே முடிவு செய்துவிடும்.

சாவிகள் யார் கையில்

வேலையை வெளியே கொடுக்கலாம், உரிமையைக் கொடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே நான்கு விஷயங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும்: டொமைன் (இணையப் பெயர்) பதிவு, டிஎன்எஸ் கணக்கு (அந்தப் பெயர் எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்று எழுதும் இடம்), கிளவுட் (வெளி நிறுவனத்தின் இணையவழிச் சர்வர்) சேவையின் தலைமை அட்மின் கணக்கு, பேக்கப் (காப்பு நகல்) கணக்கு. வெண்டர் (பராமரிப்பு நிறுவனம்) தன் பெயரில் பதிவு செய்து வைத்த டொமைனை அவருடன் மனக்கசப்பு வந்த பிறகு மீட்பது பெரும்பாடு. டொமைன் பதிவுக் கணக்கின் மீட்பு முகவரியாக அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் மின்னஞ்சல் நின்றுவிடும், மீட்புக் கடிதமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.

அவசரத்துக்கென்று இரண்டு தலைமை அட்மின் கணக்குகளை உருவாக்குங்கள். அன்றாட வேலைக்கு அவற்றைத் தொடக்கூடாது. நீளமான கடவுச்சொல்லும் வன்பொருள் பாதுகாப்புச் சாவியும் வைத்து உறையிலிட்டு பீரோவில் பூட்டுங்கள். வெண்டரின் ஆட்களுக்கு ஆளுக்கொரு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ‘சப்போர்ட்’ என்ற ஒரே பெயரில் ஐந்து பேர் நுழைந்தால் யார் எதைச் செய்தார் என்று பதிவேட்டில் தெரியாது. இது வீண் பயமல்ல. 2021 ஜூலையில் கசேயா என்ற தொலைப் பராமரிப்பு மென்பொருளின் ஓட்டை வழியாகப் புகுந்தவர்கள், அதைப் பயன்படுத்திய பராமரிப்பு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களையும் சேர்த்தே முடக்கினார்கள்.

இணைய இணைப்பு

நகர்த்தும் முன் கணக்குப் போடுங்கள். 1 டெராபைட்டை நொடிக்கு 50 மெகாபிட் ஏற்றுவேகத்தில் அனுப்ப, தடையே இல்லாவிட்டாலும் சுமார் 44 மணி நேரம் ஆகும். இறக்குவேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல இணைப்புகளில் ஏற்றுவேகம் அதில் ஒரு சிறு பங்குதான். இரண்டாவது இணைப்பு வேறு நிறுவனத்துடையதாகவும் வேறு பாதையில் வருவதாகவும் இருக்க வேண்டும். ஒரே குழிக்குள் இரண்டு கேபிள் போனால் ஒரே மண்வெட்டி இரண்டையும் வெட்டும். கைபேசி வலையமைப்பு வழி ரவுட்டர் நல்ல மாற்று.

மின்னஞ்சல்

முதலில் நகர்த்த வேண்டியது இது. இதற்காக உருவாக்கும் பயனர் கணக்குகளே பிறகு கோப்புகளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நுழைவுச்சீட்டு. ஆகவே பெயரிடும் முறையையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் இங்கேயே முடித்துவிடுங்கள். சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்தியைவிடக் கைபேசிச் செயலி மேல், செயலியைவிட வன்பொருள் சாவி மேல்.

புதிய சேவையில் எல்லாப் பயனர்களையும் மாற்று முகவரிகளையும் பொதுப் பெட்டிகளையும் உருவாக்குங்கள். பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய அஞ்சல்களைப் பின்னணியில் நகலெடுக்கத் தொடங்கலாம். ஐமேப் (சர்வரிலிருந்து அஞ்சலைப் படிக்கும் பொது முறை) வழியில் நகலெடுத்தால் அஞ்சல் மட்டுமே வரும், முகவரிப் புத்தகமும் நாட்காட்டியும் வராது. அவற்றைத் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு எம்எக்ஸ் பதிவின் (உங்கள் அஞ்சல் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) ஆயுளை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறையுங்கள். பழைய ஆயுள் ஒரு நாள் என்றால், குறைத்த பிறகும் உலகம் ஒரு நாள் வரை பழையதையே நம்பும். அதனால்தான் முன்கூட்டியே செய்ய வேண்டும். வாரக்கடைசியில் எம்எக்ஸை மாற்றி, விடுபட்ட அஞ்சல்களை இன்னொரு சுற்று நகலெடுத்து, பழைய சர்வரைச் சில நாட்கள் விட்டுவையுங்கள்.

அடுத்தது, உங்கள் அஞ்சல் உண்மையிலேயே உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் மூன்று டிஎன்எஸ் பதிவுகள். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் பெருமளவில் அஞ்சல் அனுப்புபவர்களுக்கு மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. குறைவாக அனுப்புபவர்களும் வைத்துக்கொள்வதே நல்லது. முதலாவதான எஸ்பிஎஃப் பதிவு (உங்கள் பெயரில் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்) ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதிய சேவை சொன்னதென்று பழையதற்குப் பக்கத்தில் இரண்டாவதை எழுதினால் இரண்டுமே செல்லாது. அதற்குள் நடக்கும் டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினாலும் தோல்விதான், நான்கைந்து சேவைகளைச் சேர்த்தாலே அந்த எல்லை வந்துவிடும். இரண்டாவதான டிகிம் கையொப்பத்தை (அஞ்சல் வழியில் மாறவில்லை என்று காட்டும் முத்திரை) அஞ்சல் சேவைக்கு மட்டுமல்ல, உங்கள் பெயரில் அனுப்பும் பில்லிங் மென்பொருள், செய்திமடல் சேவை எல்லாவற்றுக்கும் இயக்க வேண்டும். மூன்றாவதான டிமார்க் பதிவை (முதல் இரண்டிலும் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது) ‘எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற நிலையில் தொடங்கி, மூன்று நான்கு வாரம் அறிக்கைகளைப் படித்து, பிறகு ‘தனிமைப்படுத்து’, கடைசியில் ‘நிராகரி’. எடுத்த எடுப்பில் ‘நிராகரி’ வைத்தவர்களின் பில்கள்தான் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்வதில்லை.

இரண்டு தொல்லைகள் அநேகமாக நிச்சயம். ஸ்கேனர் அஞ்சல் அனுப்ப மறுக்கும். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் 2022 அக்டோபரிலிருந்து வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட நுழைவைப் படிப்படியாக அடைத்துவருகிறது. பழைய ஸ்கேனருக்கோ புதிய குறியாக்க முறைகளும் தெரியாது. அஞ்சலை வாங்கிக் கடத்திவிடும் இடைச் சேவை ஒன்றை வையுங்கள், அல்லது கோப்புறைக்கே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது, உள் எக்ஸ்சேஞ்ச் சர்வரிலிருந்து வந்தவர்கள் சக ஊழியரின் பழைய அஞ்சலுக்குப் பதில் போட்டால் திரும்பி வரும். அவுட்லுக் அஞ்சல் மென்பொருள் நினைவில் வைத்திருப்பது சாதாரண முகவரியை அல்ல, பழைய சர்வரின் உள்முகவரியை. அந்தப் பழைய முகவரியை எக்ஸ்500 என்ற வகை மாற்று முகவரியாகப் புதிய பெட்டியில் சேர்த்தால் சரியாகிவிடும்.

கோப்புகள்

பழைய குப்பையை அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஐந்து ஆண்டாக யாரும் தொடாதவற்றைத் தனிக் காப்பகமாக ஒதுக்கிவிடுங்கள். மைக்ரோசாஃப்டின் கோப்புச் சேவைகளான ஷேர்பாயிண்ட், ஒன்டிரைவில் கோப்பின் முழுப் பாதை 400 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். பெயரில் நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு கூடாது. ஒரே பெரிய நூலகமாகக் கொட்டாமல் துறைவாரியாகப் பிரியுங்கள், கணினியோடு ஒத்திசைக்கும் கோப்புகள் மொத்தம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது மைக்ரோசாஃப்டின் பரிந்துரை. ‘Z:’ போன்ற வட்டு எழுத்தை நம்பி ஒன்றையொன்று அழைக்கும் எக்செல் இணைப்புகள் உடையும், முன்பே தேடிப் பட்டியலிடுங்கள். தரவுத்தளக் கோப்பை ஒத்திசைவுக் கோப்புறையில் வைக்கவே கூடாது. இருவர் ஒரே நேரத்தில் திறந்தால் கோப்பு சிதையும்.

கணக்கு, கிடங்கு போன்ற பெரிய மென்பொருள்கள்

அலுவலகச் சர்வரை அப்படியே கிளவுடில் வாடகைக்கு ஏற்றினால், பல நேரம் செலவு கூடும், வேகம் குறையும். காரணம் எளிது. கணக்கு மென்பொருள் ஒரு திரையைத் திறக்க தரவுத்தளத்திடம் 500 முறை கேள்வி கேட்கிறது என்று வையுங்கள். அலுவலகக் கேபிளில் ஒரு கேள்விக்கு 1 மில்லிநொடி என்றால் அரை நொடியில் திரை வரும். இணையத்தில் 40 மில்லிநொடி என்றால் 20 நொடி. இணைப்பின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இது மாறாது, தாமதம் அகலத்தால் வருவதல்ல, தூரத்தால் வருவது. எனவே மென்பொருளும் தரவுத்தளமும் ஒன்றாகவே நகர வேண்டும், பயனர்கள் தொலைத்திரை வழியாகவோ உலாவி வழியாகவோ வர வேண்டும். அதற்கு ஏற்றதாக இல்லாவிட்டால் அந்த மென்பொருளை விட்டுவிட்டு இணையச் சேவையாகவே கிடைக்கும் ஒன்றுக்கு மாறுவது நல்லது.

அப்படி மாறும்போது சோதனைக் காலத்திலேயே ஏற்றுமதிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். இணைத்த கோப்புகளும் திருத்த வரலாறும் வருகின்றனவா, அல்லது வெறும் அட்டவணை மட்டுமா? நுழையும்போது பார்க்காத வெளிவாசல் போகும்போது சிறியதாகத்தான் இருக்கும்.

பேக்கப்

‘கிளவுடில் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது தவறு. தங்கள் இயந்திரம் பழுதானால் அவர்கள் பார்ப்பார்கள். உங்கள் ஊழியர் அழித்ததை அல்ல. ஷேர்பாயிண்டில் அழித்த கோப்பு மறுசுழற்சித் தொட்டியில் 93 நாள் இருக்கும், கூகுள் டிரைவில் 30 நாள். நான்கு மாதம் கழித்துத் தேடினால் இல்லை. ஆகவே மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய விதி இங்கேயும் பொருந்தும். வேறு இடம் என்றால் வேறு நிறுவனம், வேறு அட்மின் கணக்கு. 2021 மார்ச் 10-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு அஞ்சல் பெட்டியையும் ஒரு கோப்புறையையும் மீட்டுப் பாருங்கள். பேக்கப் ஓடியது என்ற பச்சை விளக்கு, மீட்க முடியும் என்பதற்குச் சான்றல்ல. 2017 ஜனவரி 31-ல் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்த கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம், தான் நம்பியிருந்த பல பேக்கப் வழிகள் வேலை செய்யவில்லை என்பதை அன்றுதான் கண்டது.

ஒப்பந்தம்

சேவை 99.9 சதவீத நேரம் ஓடும் என்று ஒப்பந்தம் சொன்னால் மாதத்துக்கு சுமார் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள். 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம். அறிவித்துச் செய்யும் பராமரிப்பு இதில் சேருமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சேராது. உங்களுக்கு உண்டாகும் நட்டத்தையும் அவர்கள் ஈடு செய்ய மாட்டார்கள், அடுத்த பில்லில் கொஞ்சம் கழிப்பார்கள், அவ்வளவே. பராமரிப்பு நிறுவனத்திடம் ‘ஒரு மணி நேரத்தில் பதில்’ என்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ‘உங்கள் டிக்கெட் (புகார்ப் பதிவு) வந்துவிட்டது’ என்பதும் பதில்தான். தீர்த்துவைக்கும் நேரத்தைத் தனியாக எழுதிவாங்குங்கள். பிரியும்போது எத்தனை நாள் உடனிருந்து ஒப்படைப்பார்கள், வலையமைப்பு வரைபடமும் கடவுச்சொற்களும் எந்த வடிவில் வரும் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். எவ்வளவு வெளியே கொடுத்தாலும், அவர்கள் சொல்வது சரியா என்று புரிந்துகொள்ளும் ஒருவர் உள்ளே வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிப்பவர்கள் வேறு வழியில் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய சர்வரை அணைப்பது

எல்லாம் நகர்ந்த பிறகு சர்வரை அழிக்காமல், வலையமைப்புக் கேபிளை மட்டும் பிடுங்கி, ஒரு மாதக் கடைசி தாண்டும்வரை காத்திருங்கள். அதற்கு முன் ஒரு சோதனை. அலுவலகக் கணினிகளுக்கு ஐபி முகவரி தரும் வேலையையும் பெயர்த்தேடல் (டிஎன்எஸ்) வேலையையும் அதே சர்வர் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெயர்த்தேடல் நின்றால் உடனே தெரிந்துவிடும். முகவரி வழங்கல் அப்படியல்ல. விண்டோஸ் சர்வரில் வழக்கமான குத்தகை (ஒரு கணினி தன் முகவரியை வைத்திருக்கும் காலம்) 8 நாள், ஆகவே திங்களன்று அணைத்ததன் விளைவு அடுத்த வாரம்தான் ஒவ்வொரு கணினியாகத் தலைகாட்டும், அப்போது யாருக்கும் சர்வர் நினைவுக்கு வராது. இரண்டு வேலைகளையும் ரவுட்டருக்கு மாற்றிவிட்டு அணையுங்கள். கடைசியில் வட்டுகளை அழிக்கும்போது, சுழலும் வட்டில் முழுதாக மேலெழுதினால் போதும். சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டி வட்டில் மேலெழுதுவது எல்லாப் பகுதிகளையும் தொடாது, தயாரிப்பாளரின் பாதுகாப்பான அழிப்புக் கட்டளையையே இயக்க வேண்டும்.