பிக்கப்புக்கு விஞ்ச் பம்பர்: பட்டறையில் நாமே செய்வது எப்படி

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கடையால் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் லோடு ஏற்றப் போகும் பிக்கப்புக்கு மழைக்காலத்தில் விஞ்ச், அதாவது மோட்டாரில் ரோப்பைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி, பெரிய உதவி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். செம்மண் ஏற்றத்தில் டயர் சுத்துமே தவிர வண்டி நகராது. விஞ்ச் வாங்குவதில் சிரமமில்லை. அதைத் தாங்கும் சட்டத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எவ்வளவு கனத்தில் தகடு போட்டாலும், சேஸிஸில் இரண்டு போல்ட்டில் தொங்கினால் முதல் இழுப்பிலேயே கையோடு வந்துவிடும்.

தொடங்கும் முன் சட்டம். புல் பார், கிராஷ் கார்டு மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது, நடவடிக்கை எடுங்கள் என்று 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே குழாயை வளைத்து முன்னால் நீட்டும் வேலை வேண்டாம். கம்பெனி பம்பர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதன் பின்னால் சேஸிஸில் விஞ்சை உட்காரவைத்து, ரோப்பு வரும் வாய் மட்டும் பம்பரில் வெட்டுவோம். வெட்டுவதற்கு முன் டிஎன் 74ஓ 75ஓ, உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் மறையக் கூடாது. ஏர்பேக் வண்டியாக இருந்தால் முன்பக்க சென்சார் இருக்கும் இடத்தில் கையே வைக்காதீர்கள்.

விஞ்ச் அளவுக்கு ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 2,900 கிலோ என்றால் 4,350. கடையில் பவுண்டில்தான் சொல்வார்கள்: 9,500 பவுண்டு என்பது 4,309 கிலோ, 12,000 என்பது 5,443 கிலோ. இந்த வண்டிக்கு 12,000 எடுப்பது நல்லது. பெட்டியில் எழுதியிருக்கும் பலம் டிரம்மில் முதல் அடுக்கு ரோப்பு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேலே அடுக்கு ஏற ஏறக் குறையும்.

விஞ்ச் உட்காரும் தட்டுக்கு 8 மி.மீ. பிளேட், 650க்கு 220 மி.மீ. ஃபேர்லீட் (ரோப்பு வெளியே வரும் வாய்) மாட்டும் முகத்துக்கு அதே 8 மி.மீ., 650க்கு 150. சேஸிஸில் பிடிக்கும் பக்கத் தகடு இரண்டு, 10 மி.மீ. கனம், 300க்கு 150. மூலைக்கு 6 மி.மீ. முக்கோணம் நான்கு. இரும்பு மட்டும் 22 கிலோவைத் தாண்டும். விஞ்சையும் சேர்த்தால் முன் ஸ்பிரிங் இறங்கும், ஹெட்லைட்டைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இரும்பை வெட்டுமுன் எல்லாவற்றையும் கெட்டி அட்டையில் வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். விஞ்ச் ரேடியேட்டரோடு ஒட்டி நின்றால் காற்று போகாமல் இன்ஜின் சூடாகும்.

பக்கத்துக்கு நான்கு எம் 12 போல்ட், 8.8 கிரேடு. ஓட்டையை டிரில்லில் 13 மி.மீ. போடுங்கள், காஸ் கட்டிங்கில் வேண்டாம். சேஸிஸ் பெட்டி மாதிரி மூடியிருந்தால் போல்ட் போகும் வழியில் உள்ளே குழாய் ஸ்லீவ் வைத்தே தீர வேண்டும். இல்லையென்றால் முறுக்க முறுக்கச் சுவர் உள்ளே அமுங்கும், பிறகு போல்ட் தளர்ந்துகொண்டே இருக்கும். முறுக்கம் சுமார் 80 நியூட்டன் மீட்டர். சேஸிஸில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் படகு வேலை பார்ப்பவர்கள் உப்புக்காற்றுக்குப் பயந்து எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடச் சொல்வார்கள். துரு பிடிக்காது, உண்மைதான். ஆனால் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 போல்ட்டின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8க்கு 800. போதாக்குறைக்கு எஸ்.எஸ். நட்டு முறுக்கும்போதே மரையில் பற்றிக்கொள்ளும். ஜிங்க் பூசிய 8.8 போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.

விஞ்ச் கால் ஓட்டைகள் பெரும்பாலும் 254க்கு 114.3 மி.மீ. அளவில் இருக்கும். இருந்தாலும் டேப்பை நம்பாமல் விஞ்சையே தட்டில் வைத்துக் குறியுங்கள். வெல்டிங்கில் தட்டு நெளிவதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. நெளிந்த தட்டில் விஞ்சை இறுக்கினால் மோட்டார் பக்கமும் கியர் பக்கமும் வெவ்வேறு திசையில் முறுகி, டிரம்மை விடுவிக்கும் கிளட்ச் லீவர் கல்லாகிவிடும். விஞ்ச் கெட்டுப்போனது என்று கடைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் நான்கு போல்ட்டையும் தளர்த்தி லீவரைத் திருப்பிப் பாருங்கள்; இலகுவாகத் திரும்பினால் குற்றம் தட்டில். இதைத் தவிர்க்க, கனமான சேனலைத் தட்டோடு கிளாம்ப் போட்டு, முதலில் டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) மட்டும் வைத்து, பிறகு 40, 50 மி.மீ. ஆக மாறி மாறி எதிர்ப்பக்கத்தில் ஓட்டுங்கள். ஆறிய பிறகே கிளாம்பைக் கழற்றலாம்.

வெல்டிங் ராடு 7018, 3.15 மி.மீ., 110 முதல் 140 ஆம்பியர். பழைய ஏசி மெஷினில் இது ஒழுங்காக எரியாது. டிசி இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வேண்டும். மழையில் ஈரம் குடித்த ராடால் வெல்டிங்கில் பொத்தல் விழும். வெயிலில் காயவைத்தால் போதாது, ராடு அடுப்பில் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

பெயிண்டுக்கு முன் வெல்டிங் செதிலை முழுக்கத் தட்டி எடுத்து, வெறும் இரும்பின் மேல் ஜிங்க் பிரைமர், பிறகு எபாக்ஸி. ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் கடலோரத்தில் தாங்காது. தண்ணீர் தேங்கும் மூலையில் 12 மி.மீ. ஓட்டை போடுங்கள்.

முழு இழுப்பில் விஞ்ச் 400 ஆம்பியருக்கு மேல் குடிக்கும். கூட வந்த வயரை நேராக பேட்டரிக்கு இழுத்து, நடுவில் கரண்டைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் வையுங்கள். தகட்டு ஓட்டை வழியாக வயர் போனால் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

மரத்தில் கப்பி கட்டி இழுப்பவர்கள் கவனிக்க: ரோப்பின் முனையை உங்கள் வண்டியிலேயே திருப்பி மாட்டினால் சேஸிஸுக்கு வரும் பாரம் இரட்டிப்பு. முனையை ஃபேர்லீட் முகத்தில் மாட்டாமல், சேஸிஸில் தனியாகப் போல்ட் செய்த கொக்கியில் மாட்டுங்கள். சிந்தெடிக் ரோப்புக்கு அலுமினிய ஃபேர்லீட். கம்பி ரோப்பு தேய்த்த பழைய ரோலரில் போட்டால் பிசிறு அறுத்துவிடும். ரப்பர் மரத்தில் கட்டும்போது 75 மி.மீ. அகல பெல்ட்டை வெட்டுப்பட்டைக்குக் கீழே, மரத்தின் அடியில் சுற்றுங்கள். பட்டை நசுங்கினால் அந்த இடத்தில் பால் வெட்ட முடியாது.

முதல் இழுப்பு முடிந்ததும் எல்லா போல்ட்டையும் திரும்ப முறுக்கிப் பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாக விரிந்திருந்தால் மேலே பூசி மறைக்காமல் அந்த இடத்தைக் கிரைண்டரில் திறந்து பார்த்து, தேவைப்பட்டால் திரும்ப ஓட்டுங்கள்.