பிற பிராணிகள் வாழும் வீட்டில் எலி வளர்ப்பது எப்படி

நாயோ பூனையோ கிளியோ ஏற்கெனவே இருக்கும் வீட்டில் எலி வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, இவை ஒன்றோடொன்று பழகிவிடுமா என்பதைத்தான். பூனையின் முதுகில் எலி ஏறி உட்கார்ந்திருக்கும் காணொளிகளைப் பார்த்த குழந்தைகள் தங்கள் வீட்டிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள். எலி வாங்குவதற்கு முன்பே அந்த எதிர்பார்ப்பைக் கைவிட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எலிக்கும் பூனைக்கும் நட்பு தேவையில்லை. ஒரே கூரையின்கீழ், ஒன்று அஞ்சாமலும் மற்றொன்று துரத்தாமலும் வாழ்ந்தால் போதும். அந்த அமைதியைச் சுவராலும் கதவாலும் நேர ஒழுங்காலும் நாம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்; பிராணிகளின் நல்ல குணத்தை நம்பி விட்டுவிடக் கூடாது.

வளர்ப்பு எலி, ராட்டஸ் நார்வெஜிகஸ் எனப்படும் பழுப்பு எலியின் வழிவந்தது. 19ஆம் நூற்றாண்டு லண்டனில், விக்டோரியா அரசியின் எலிபிடிப்பாளர் என்று தம்மை அழைத்துக்கொண்ட ஜாக் பிளாக், தாம் பிடித்தவற்றுள் நிறம் மாறுபட்டவற்றைத் தனியே பெருக்கி விற்றார். 1901இல் இங்கிலாந்தின் ஐல்ஸ்பரி நகரில் நடந்த பிராணிக் கண்காட்சியில், மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. இவ்வளவு காலம் மனிதர் கையில் வளர்ந்ததால்தான் அது நம் குரலைக் கேட்டு ஓடி வருகிறது, மடியில் படுத்து உறங்குகிறது. ஆனால் பூனையின் மூக்குக்கு இந்த வரலாறு தெரியாது. சாக்கடை எலியும் கூண்டு எலியும் அதற்கு ஒரே இரைதான்.

வாங்குவதற்கு முன்

எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றை எலிக்கு நாயோ பூனையோ மனிதரோ துணையாக மாட்டார்கள். இன்னொரு எலிதான் துணை. எனவே குறைந்தது இரண்டு எலிகளை, ஒரே பாலினமாகப் பார்த்து வாங்க வேண்டும். பெண்ணெலியின் கர்ப்பகாலம் 21 முதல் 23 நாட்களே. குட்டிகள் ஐந்து வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும் என்பதால், பாலினத்தைச் சரியாகப் பார்க்காமல் வாங்கிய ஒரு ஜோடி சில மாதங்களில் வீட்டையே நிரப்பிவிடும். எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். இதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வயலிலோ சாக்கடையோரத்திலோ கிடைத்த குட்டியை எடுத்து வந்து வளர்க்கக் கூடாது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் நாய்க்கும் பரவக்கூடியது. கனடாவில் குடியேறிய குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1950களிலிருந்து எலி ஒழிப்பைக் கண்டிப்புடன் நடத்திவரும் ஆல்பெர்ட்டா மாகாணத்தில், செல்லப்பிராணியாகக்கூட எலி வைத்திருப்பது சட்டவிரோதம்.

எல்லா வீடும் இதற்கு ஏற்றதன்று. கதவு மூடக்கூடிய ஒரு தனி அறையை எலிகளுக்கு ஒதுக்க முடியாத வீட்டில், பூனை விருப்பம்போல் உலவுகிறது என்றால், அங்கு எலி வளர்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

அறையும் கூண்டும்

கூண்டின் கம்பிகளுக்கு இடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தலை நுழைந்தால் இளம் எலியின் உடலும் நுழைந்துவிடும். எலிகள் ஏறி விளையாடும் என்பதால் தட்டுகளும் தொங்கு படுக்கைகளும் உள்ள உயரமான கூண்டே நல்லது. கூண்டை அசையாத மேசைமீது, சுவரை ஒட்டி வைத்து, மேற்புறத்தையும் இரு பக்கங்களையும் அட்டையாலோ பருத்தித் துணியாலோ மறைத்துவிட்டால், காற்றுக்கு முன்பக்கம் திறந்திருக்கும், எலிகளுக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். கூண்டுக் கதவின் சாதாரணக் கொக்கியைப் பூனையும் தட்டித் திறக்கும், எலியும் உள்ளிருந்து திறக்கும். ஆகவே சிறிய பூட்டு ஒன்று போடுங்கள்.

படுக்கைக்கு மர இழைப்பகத்திலிருந்து வாங்கும் தூளைப் பயன்படுத்தக் கூடாது. அதன் தூசியும், தேவதாரு, பைன் போன்ற மரங்களிலிருந்து வரும் ஆவியும் எலியின் நுரையீரலுக்குக் கேடு. காகிதத்தாலான படுக்கைப் பொருளோ துவைத்த பழைய துணியோ போதும். வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடலில் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற கிருமி அடங்கியிருக்கிறது. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாடை தேங்கினால் அது நோயாக வெளிப்படும். ஈரமான இடங்களை நாள்தோறும் மாற்றுவது அந்தக் காரணத்தால்தான்.

நம் ஊர் வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். எலி தன் உடற்சூட்டில் ஒரு பகுதியை வால் வழியாக வெளியேற்றுகிறது; வெப்பம் 30 பாகையைத் தாண்டும்போது துன்பப்படத் தொடங்கும். பூனைக்கு அஞ்சி அறைக் கதவை மூடி வைக்கும் வீடுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் அந்த அறையே அடுப்பாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. சன்னலுக்கு வலையடித்துத் திறந்து வைப்பது, உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைப்பது, ஆழமில்லாத தட்டில் நீர் வைப்பது ஆகியவை உதவும்.

பூனை

பூனையின் வேட்டை, பசியோடு தொடர்புடையது மட்டுமன்று. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அதனால் நன்றாகச் சோறு வைத்தால் எலியைத் தொடாது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. கூண்டின்மேல் பூனை ஏறி உட்காருவதை ஒரு நாள்கூட அனுமதிக்கக் கூடாது. கம்பி வழியாக நகம் நுழைந்தால் வாலும் விரலும் போய்விடும். அதைவிட, தப்ப வழியில்லாத இடத்தில் பகையின் வாசனையை நாள் முழுவதும் முகர்ந்துகொண்டிருப்பது எலிக்குப் பெருந்துன்பம். பூனையின் வாடையைப் பிறவியிலேயே எலி அஞ்சுகிறது. பூனையைத் தடவிய கையோடு எலியைத் தூக்கினால், அது உங்களைக் கடிப்பதற்கும் வாய்ப்புண்டு. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தூக்க வேண்டும்.

பூனையின் பல் பட்டால், காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா கிருமி அந்தச் சிறு துளை வழியாகவே உடலுக்குள் சென்று சீழ் பிடிக்கவைக்கும்.

நாய்

நாயைப் பொறுத்தவரை இனம் பெரிதும் முக்கியம். டெரியர் வகை நாய்கள் எலி கொல்வதற்கென்றே பெருக்கப்பட்டவை. டேஷண்ட் வளைக்குள் புகுந்து வேட்டையாடப் பிறந்தது. நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களும் ஓடும் சிறு உருவத்தைக் கண்டதும் பாய்வதற்கே வளர்க்கப்பட்ட வேட்டை மரபைச் சேர்ந்தவை. இத்தகைய நாய்களைத் திட்டியோ அடித்தோ மாற்ற முயல்வது கொடுமை. கதவை மூடி வைப்பதுதான் அவற்றுக்கும் எலிக்கும் செய்யும் நியாயம்.

மற்ற நாய்களுக்கு, எலியின் இருப்பைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுத்தரலாம். முதல் சில நாட்கள் எலிகள் படுத்திருந்த துணியை நாய் முகரக் கொடுத்து, அமைதியாக இருந்தால் தின்பண்டம் கொடுங்கள். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி, எலிகள் கூண்டுக்குள் இருக்க, அறையின் மறு கோடியில் உட்காரவைக்க வேண்டும். நாய் கூண்டைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் பக்கம் திரும்பும் கணத்தில் பாராட்டித் தின்பண்டம் தர வேண்டும்; "விடு" என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிவதை முன்பே பழக்கியிருந்தால் இது எளிதாகும். தூரத்தைக் குறைப்பதற்கு அவசரமே வேண்டாம். கண் இமைக்காமல் உற்றுப் பார்த்தல், உடல் விறைத்தல், நடுங்கியபடி முனகுதல், எச்சில் வடித்தல் ஆகியவை ஆர்வமல்ல, வேட்டையின் தொடக்கம். அவற்றைக் கண்டதும் நாயை வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும். எவ்வளவு நன்றாகப் பழகிய நாயாக இருந்தாலும், கூண்டுக்கு வெளியே எலி இருக்கும்போது நாய் அந்த அறையில் இருக்கக் கூடாது. விளையாட்டாக வைக்கும் ஒரு கால் போதும், எலியின் முதுகெலும்பு முறிந்துவிடும்.

எலிகள் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓடியாட வேண்டும். மாலையில் வீட்டில் ஒருவர் நாயை நடைக்கு அழைத்துச் செல்லும் நேரத்தையே எலிகளின் உலாவும் நேரமாக வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் குறையில்லை. அந்த அறையின் மின்கம்பிகளை மட்டும் முன்கூட்டியே உயர்த்திக் கட்டிவிடுங்கள். எலிகள் அவற்றைக் கடிக்காமல் விடா.

பறவை, முயல், மற்றவை

இதுவரை எலியை இரையாகவே பார்த்தோம். சிறிய பிராணிகளுக்கு எலியே வேட்டைக்காரன். லவ் பேர்ட்ஸ், ஃபிஞ்ச் போன்ற பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் எலி தின்னும், சுண்டெலியைக் கொல்லும், மூடியில்லாத மீன்தொட்டியில் இறங்கி மீன் பிடிக்கும். பெரிய கிளியின் அலகோ எலியின் காலைத் துண்டித்துவிடும். ஆகவே பறவைகளும் எலிகளும் வெவ்வேறு அறைகளில் இருக்கட்டும். முயலும் கினிப்பன்றியும் எலிக்குத் தோழர்கள் போலத் தோன்றினாலும், சுவாச நோய்க்கிருமிகளை ஒன்றுக்கொன்று கொடுக்கும் என்பதால் ஒரே கூண்டில் வைக்கக் கூடாது; எலியின் கடியும் அவற்றுக்கு ஆபத்து. பலர் வளர்க்கும் சிரிய ஹாம்ஸ்டர் என்ற சிறு கொறிப்பிராணி தன் இனத்தையே சகிக்காத தனிமை விரும்பி; எலியையும் சகிக்காது.

நோயும் நஞ்சும்

வீட்டில் எலி வளர்ப்போர், அதே வீட்டுக்குள் வரும் காட்டெலிகளை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். எலி பேஸ்ட், எலி கேக் எதுவும் வீட்டில் இருக்கவே கூடாது. புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து உள்ளுக்குள் கசியவைத்துக் கொல்பவை. மருந்து தின்ற காட்டெலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் நாயும் அதே நஞ்சுக்கு ஆளாகும். எலிக்கு வாந்தியெடுக்கும் திறனே இல்லை என்பதால், வளர்ப்பு எலியின் வாயில் பட்ட நஞ்சு திரும்பி வெளிவராது. கதவிடுக்குகளையும் சாக்கடைக் குழாய் வாயையும் அடைப்பது, தானியத்தை மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாக்களில் வைப்பது, பொறிக்கூண்டு வைப்பது ஆகியவையே சரியான வழிகள்.

நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் லெப்டோஸ்பைராவுக்கானது சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நாயின் உண்ணி மருந்தை எலிக்குத் தடவுவது உயிரையே பறித்துவிடலாம். பேனோ உண்ணியோ தெரிந்தால் எடைக்கேற்ற அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 2017இல் அமெரிக்காவில் வளர்ப்பு எலிகளிலிருந்து, காய்ச்சலையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கக்கூடிய சியோல் வைரஸ் மனிதருக்குப் பரவியது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத எலிகளை வாங்காமலிருக்க அதுவே போதிய காரணம். புதிதாக வந்த எலிகளைப் பழைய எலிகளிடமிருந்து இரண்டு வாரமாவது வேறு அறையில் வைத்திருந்து பிறகு சேர்க்க வேண்டும்.

குழந்தைகளும் அன்றாட ஒழுங்கும்

எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, வாலின் தோலே உரிந்து வந்துவிடும் என்பதைக் குழந்தைகளுக்கு முதலில் கற்றுத்தர வேண்டும். இரண்டு கைகளாலும் மார்பையும் பின்புறத்தையும் தாங்கியே தூக்க வேண்டும். கம்பிக்கிடையில் விரலை நீட்டுவதும் உணவு ஊட்டுவதும் வேண்டாம். எலிக்கு விரலும் உணவும் ஒன்றாகத் தெரியும். அறைக் கதவு ஒன்று, கூண்டுக் கதவு மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது என்பதை வீட்டின் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள். விருந்தினர் வரும் நாட்களில் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

உணவு கடினமன்று. எலிக்கெனத் தயாரிக்கும் வில்லைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, வேகவைத்த கொண்டைக்கடலை, முட்டை, கீரை, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைச் சிறிது சேர்க்கலாம். உப்பும் எண்ணெயும் சாக்லேட்டும் ஊறவைத்தாலும் வேகவைக்காத பயறு வகைகளும் வேண்டாம். நாயின் கிண்ணத்திலிருந்து எலி தின்பதையும், எலியின் தீவனத்தை நாய் தின்பதையும் தடுக்க வேண்டும். உணவுக் கிண்ணத்தருகே எலியைக் கண்டால் சாதுவான நாயும் சீறும்.

இந்த ஏற்பாடு எலிகளுக்குப் பொருந்துகிறதா என்பதை எலிகளையே பார்த்து அறியலாம். கண்ணையும் மூக்கையும் சுற்றிச் செந்நிறக் கசிவு தென்படுவது இரத்தமன்று. போர்ஃபிரின் என்ற நிறமி கலந்த சுரப்பு. அச்சத்திலும் நோயிலும் அது மிகும். இருட்டிய பிறகும் பொந்தைவிட்டு வெளியே வராதது, எடை குறைவது, ஒன்றையொன்று திடீரெனக் கடிப்பது ஆகியவையும் அவற்றின் முறையீடுகளே. முதலில் மருத்துவரிடம் காட்டி நோயில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு கூண்டைப் பூனை, நாயின் நடமாட்டம் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். சில வாரங்களில் எலிகள் தெளியவில்லை என்றால், பிற பிராணிகள் இல்லாத, எலி வளர்த்துப் பழகிய ஒரு குடும்பத்திடம் இரண்டையும் பிரிக்காமல் ஒப்படைத்துவிடுங்கள்.